புற்றுநோயாளிக்கு அக்குபங்சர் எதற்கு?

கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கீமோவுக்காக (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்று வருபவர்களின் வீடுகளில் எழும் கேள்வி இது. அக்குபங்சர் என்பது மயிரிழை போன்ற ஊசிகளைத் தோலில் குறித்த இடங்களில் குத்தும் சீன மருத்துவமுறை. ஊசி நரம்பைத் தூண்டுவதால் மூளை குமட்டலையும் வலியையும் உணரும் விதம் மாறுகிறது என்பதே இன்றைய விளக்கம். குமட்டலுக்கான இடம் உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது. ஊசியின்றிப் பெருவிரலால் அழுத்தியும் பார்க்கலாம். வயிற்றைப் பிரட்டிக்கொண்டு ஏ9 வீதியில் பஸ்ஸில் திரும்புபவருக்குச் சிறு ஆறுதலும் பெரிதுதான்.

குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது போன்றது அக்குபங்சர். கட்டியைக் கரைப்பது அதன் வேலையல்ல. இரத்த அணுக்கள் குறைந்திருந்தால் ஊசி ஆபத்து, மருத்துவரைக் கேளுங்கள்.

சீன மருத்துவத்தின் இன்னொரு பகுதி மூலிகை. ‘மூலிகைதானே, தீங்கில்லை’ என்று பலர் நம்புகிறார்கள். சில சீன மூலிகைகள் கீமோ மருந்தின் வீரியத்தையே மாற்றிவிடும்.