பானெட்டைத் திறந்தால் எலிக்கூடு

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், 28 வருடமாக வாகன வயரிங் வேலை பார்த்துவரும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்.

கேள்வி: இரண்டு மாதம் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தியிருந்த கார் ஸ்டார்ட் ஆகவில்லை. எலி ஒயரைக் கடித்திருக்கிறது என்று மெக்கானிக் சரிசெய்து கொடுத்தார். பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடியும் கடித்துவிட்டது. ஷெட் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. எலி எப்படி வருகிறது?

பதில்: கதவு பூட்டியிருக்கலாம். அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பார்த்தீர்களா? சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். மண்டை நுழைந்துவிட்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வந்துவிடும்.

நாளைப் பகலில் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஷட்டரின் இரண்டு கீழ் மூலைகள், தண்ணீர்க் குழாயும் கரண்ட் ஒயரும் சுவரைத் துளைத்து வருகிற இடம், தகரக் கூரையின் நெளிவு சுவரில் உட்காரும் இடம். பெரும்பாலும் இவைதான். என் பட்டறையில் முதல் நாள் 11 வட்டம் போட்டேன். அதுவரை நானும் என் கதவு நல்ல கதவு என்றுதான் நினைத்திருந்தேன்.

அடைக்கும்போது, நுரையாக வந்து இறுகும் ஃபோமை மட்டும் அடிக்காதீர்கள். ஒரே ராத்திரியில் குடைந்துவிடும். முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். காற்று வரவேண்டிய இடத்தில் 6 மில்லிமீட்டரைவிடச் சிறிய கண் உள்ள கம்பி வலை. சாதாரண இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், அதனால்தான் ஸ்டெயின்லெஸ் என்கிறேன். கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டையையும் எலி கடிக்கும். பட்டைக்கு முன்னால் ஒரு தகரப் பட்டி அடித்துவிட்டால் கவலை விட்டது.

இனி, ஏன் அதே இடத்தில் கடித்தது? இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ஒயரை மாற்றிக் கொடுக்கிறார்கள், இடத்தைக் கழுவிக் கொடுப்பதில்லை. எலி நடக்கும்போதே சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டுக்கொண்டே போகும். அந்த வாடைதான் அடுத்த எலிக்கு வழிகாட்டி. புது ஒயர் போட்டு, பழைய வாடையை அப்படியே விட்டால் ஒரு எலி போனாலும் இன்னொன்று வரும். இன்ஜின் மேல்மூடி, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி, இன்ஜினுக்கும் வண்டியின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலின் ஓரம் எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். கனெக்டர்களில் தண்ணீர் அடிக்க வேண்டாம், ஈரத்துணியே போதும்.

கடிபட்ட ஒயரை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். உளி வைத்துச் செதுக்கியது போல இரண்டிரண்டு கோடாகப் பல் பதிந்திருக்கும். நடுவில் செம்புக் கம்பி பளபளவென்று தெரியும். பல இடத்தில் கம்பி அறுந்தே இருக்காது, மேலுறை மட்டும்தான் போயிருக்கும். அதனால் வண்டி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. இரண்டு அம்மணக் கம்பிகள் உரசினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. 'வண்டிதான் ஓடுகிறதே' என்று விட்டுவிடாதீர்கள்.

எலிக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். இப்போதைய ஒயர்களில் சோயா கலந்திருப்பதுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சே இல்லாத காலத்து வண்டிகளிலும் நான் கடிபட்ட ஒயர் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: அந்துருண்டை, புகையிலை, புதினா எண்ணெய், ஒலி எழுப்பும் கருவி. இவற்றில் எதை வைக்கலாம்?

பதில்: எதையும் நம்பி வண்டியை விட்டுப் போகாதீர்கள். வாசனைப் பொருள்கள் முதல் இரண்டு மூன்று நாள் எலியைக் கொஞ்சம் தயங்கவைக்கும். பிறகு வாடை மங்கும், எலியும் பழகிக்கொள்ளும். புகையிலைக் கட்டுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டியிருந்ததை என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி மனிதருக்கும் நல்லதல்ல. பானெட்டுக்குள் போட்டால் ஏசி வழியாக அந்த வாடை வண்டிக்குள் ஏறும், மாதக்கணக்கில் போகாது. குழந்தைகள் ஏறுகிற வண்டியில் இதைச் செய்தவர்களிடம் நான் கோபப்பட்டே பேசியிருக்கிறேன். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகளும் அப்படித்தான். அந்த ஒலி ஒரு சாமானைக்கூடத் தாண்டிப் போகாது, போகிற இடத்திலும் எலி பழகிவிடும். இவற்றை விற்பவர்கள் சொல்கிற பலனுக்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே 2001-இல் தயாரிப்பாளர்களை எச்சரித்தது.

மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் பூசிய டேப் ஒன்று வருகிறது. கடிபட்ட ஒயரைச் சரிசெய்த பிறகு அதன்மேல் இதைச் சுற்றலாம். வாயில் வைத்ததும் எரிவதால் அந்த ஒயரை விட்டுவிடுகிறது. ஆனால் பக்கத்து ஒயருக்குப் போகாது என்று சொல்ல முடியாது.

கேள்வி: பூனை வளர்த்தால் போதுமா?

பதில்: நல்ல துணை. ஆனால் இன்ஜின் இடுக்குக்குள் பூனையால் போக முடியாது, சுண்டெலியால் முடியும். இன்னொன்று, பூனையும் சூட்டுக்காகச் சக்கரத்தின் மேல் ஏறிப் படுக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

கேள்வி: விஷம் வைத்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடுமே?

பதில்: எட்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டறை மூலையில் விஷக்கட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் என் வேனில் புளோயரைப் போட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. டாஷ்போர்டு முழுவதையும் கழற்றினேன். ஒன்றரை நாள் வேலை. புளோயர் விசிறிக்கு அடியில், சீட்டின் ஸ்பாஞ்சைப் பிய்த்துக் கட்டிய கூட்டில் தாய் செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் கண் திறக்காத, ரோஜா நிறத்துக் குட்டிகள் ஐந்து. அதோடு நான் விஷத்தை விட்டுவிட்டேன்.

எலி விஷங்களில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்றதும் சாகாது, சில நாள் ஆகும். அதற்குள் அது தன் கூட்டுக்குப் போய்விடும். தாகமெடுத்து வெளியே போய்த்தான் சாகும் என்று சொல்வதை நம்பாதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்கிற கூகையும் நாயும் பூனையும்கூடச் சாகக்கூடும். ஒரு கூகைக் குடும்பம் இரவுக்கு எத்தனை எலி பிடிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த நஷ்டம் புரியும். வீட்டில் குழந்தை வாயில் வைத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் மாற்று மருந்தை முடிவு செய்வார். ரத்தம் உறையவிடாத வகை என்றால் வைட்டமின் கே1 கொடுப்பார்கள்.

ஸ்பிரிங் பொறிதான் என் தேர்வு. நட்டநடுவில் வைக்காதீர்கள், எலி சுவரை ஒட்டியே ஓடும். தீனி வைக்கும் முனை சுவரைத் தொடும்படி, குறுக்காக வையுங்கள். சுண்டெலிக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று. அரைத்த வேர்க்கடலை ஒரு பட்டாணி அளவு போதும், அதிகம் வைத்தால் பொறி விழாமலேயே நக்கிவிட்டுப் போய்விடும். தீனிக்குப் பதில் ஒரு துண்டு நூலைக் கட்டினாலும் வரும், கூடு கட்ட அதற்கு நூல் வேண்டும். சுண்டெலி புதுப் பொருளைக் கண்டால் உடனே வந்து பார்க்கும். பெரிய எலி சந்தேகப்பிராணி, அதற்கு நாலைந்து நாள் பொறியைப் பூட்டாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். பசைத்தட்டு வேண்டாம். ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும், பார்க்கச் சகிக்காது.

கேள்வி: டிராக்டரை வைக்கோலும் தீவனமும் இருக்கிற கொட்டகையில்தான் நிறுத்துகிறோம். வேறு இடமில்லை.

பதில்: இடம் ஒன்றே என்றாலும் மூலைகள் வேறாக இருக்கலாம். வைக்கோல் ஒரு கோடி, டிராக்டர் மறு கோடி. நடுவில் வெறும் தரை தெரியட்டும். எலிக்கு வெட்டவெளியைக் கடக்கப் பயம்.

தீவனத்தைச் சாக்கில் வைக்காமல், இறுக மூடுகிற தகர டிரம்மில் போடுங்கள். பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பைக் கடித்துவிடும். மூட்டையாகத்தான் வைக்க வேண்டும் என்றால் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பலகை, சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி. அந்தச் சந்தில் நீங்கள் டார்ச் அடித்துப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்க்க முடியவேண்டும். 3 முதல் 6 மில்லிமீட்டர் என்றால் சுண்டெலி, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது என்றால் பெரிய எலி. பொறியின் அளவை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

தரையடியில் வளை தோண்டி வருகிறது என்றால், வெளிச்சுவரை ஒட்டி 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கம்பி வலையைப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக இன்னொரு 30 சென்டிமீட்டர் மடக்கிவிடுங்கள். சுவரோரமாகத் தோண்டி இறங்குகிற எலி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். சுவரைச் சுற்றி மண்டிய புல்லையும் வெட்டிவிடுங்கள், எலி ஒளிந்து வருவது அதற்குள்தான். எலி இருக்கிற கொட்டகைக்குப் பாம்பும் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஆறு மாதம் வெளிநாடு போகிறேன். காரை எப்படி விட்டுப் போவது?

பதில்: வாரம் ஒருமுறை யாராவது இருபது நிமிடம் ஓட்ட முடியுமானால், அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இல்லை. முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள்.

வண்டிக்குள் ஒரு பிஸ்கட் துகள்கூட இருக்கக்கூடாது. சீட்டுக்கு அடியில் வாக்குவம் கிளீனர் போடுங்கள், டிஷ்யூ பெட்டியை எடுத்துவிடுங்கள். டிஷ்யூ அதற்குத் தயார்நிலைக் கூடு. ஏசியை உள்காற்று நிலைக்கு மாற்றிவிட்டு அணையுங்கள், வெளிக்காற்று வருகிற மடல் மூடிக்கொள்ளும். கண்ணாடி வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகிற வாய்க்கும், ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாயின் வாய்க்கும் கம்பி வலை கட்டுங்கள். சைலன்சர் வாயில் ஸ்டீல் நாரைத் திணித்து, அதில் ஒரு நீளமான சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கவிடுங்கள். அதே ரிப்பனில் ஒரு துண்டு ஸ்டியரிங்கிலும் இருக்கட்டும், வந்ததும் எடுக்க மறக்கக்கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

பூட்டிய ஷெட் என்றால் பானெட்டைத் தூக்கியே வைத்துவிட்டுப் போங்கள். மூடிய பானெட்டுக்குள் இருக்கும் இருட்டும் கதகதப்பும்தான் அதற்கு வேண்டும். தரைவரை தொங்கும் கவர் போடாதீர்கள், அது வண்டிக்கடியில் ஒரு மறைவிடம் கட்டிக்கொடுப்பது போல. நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு பொறி. வாரம் ஒருமுறை அதைப் பார்க்க ஒரு ஆள் கட்டாயம். சுண்டெலிக்குக் கர்ப்பம் சுமார் 20 நாள்தான், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி. ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு இருக்கிறது. நானே எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் உலர்ந்தபடி கைவைக்காதீர்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் காற்றடிக்கும் குழாயும் கூடாது. எலியின் சிறுநீரும் புழுக்கையும் தூசியாகப் பறந்தால் மூச்சு வழியே ஹான்டா வைரஸ் போன்ற நோய்கள் தொற்றலாம். எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரில் இருக்கும், கையில் சின்னக் கீறல் இருந்தால்கூட அதன் வழியே ஏறும்.

ஷெட்டின் கதவுகளைத் திறந்துவைத்து அரை மணி நேரம் வெளியே இருங்கள். ரப்பர் கையுறை, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டின் மேல் மெதுவாகத் தெளித்து, நன்றாக நனைந்ததும் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு காகிதத் துண்டால் அள்ளி இரண்டு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெட்டியைத் துடைத்துவிட்டுப் புது ஃபில்டர் போடுங்கள், பழையதைத் தட்டி மறுபடி மாட்டாதீர்கள். கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதற்குப் பிறகு கையுறையைக் கழற்றுங்கள்.

அதுவரை சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜினிலிருந்து சைலன்சருக்குச் சூடான புகையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் மேல் ஒரு பிடி பஞ்சு மிச்சமிருந்தாலும் இன்ஜின் சூடானதும் பற்றிக்கொள்ளும். டார்ச் அடித்து அந்த இடத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றியிருந்தால் மாட்டுங்கள்.