பத்து டாலர் நிலமும் படைவீரர் கடனும்
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் படிக்கும் என் மகள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருடைய தாத்தா, முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்து கோதுமை விவசாயம் செய்தவராம். போருக்குப் போனவர்களுக்கெல்லாம் அரசாங்கம் நிலத்தைச் சும்மா கொடுத்தது என்கிறார்கள். உண்மைதானா?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: நிலம் சும்மா கிடைத்தது உண்டு, ஆனால் அதற்குப் போருக்குப் போயிருக்க வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டப்படி, வயது வந்த எந்த ஆணும் பத்து டாலர் கட்டணம் செலுத்தி 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருந்து, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது, ஒரு வீட்டையும் கட்டிக் காட்டினால் பட்டா அவர் பெயருக்கு வந்துவிடும். 160 ஏக்கர் என்பது ஏறத்தாழ 65 ஹெக்டர். நம் பெரியவர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவே 82 ஹெக்டர்தான் என்றால் அளவு புரியும்.

1918இல் போர் முடிந்து படை வீடு திரும்பியபோது, ரயில் பாதைக்கு அருகிலிருந்த நல்ல நிலங்களை முன்னதாகவே வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனவே 1917, 1919 ஆகிய ஆண்டுகளின் படைவீரர் குடியேற்றச் சட்டங்கள் முன்னாள் வீரர்களுக்குப் பெரும்பாலும் கொடுத்தது நிலத்தை அன்று, நிலமும் மாடும் கலப்பையும் வாங்குவதற்கான கடனை. வட்டி 5 விழுக்காடு. சுமார் 25,000 பேர் இத்திட்டத்தின்கீழ் குடியேறினார்கள். கோதுமை புஷெலுக்கு இரண்டு டாலருக்குமேல் விற்ற காலத்தில், அந்த விலையை நம்பி, விலை ஏறிப்போன நிலத்தை அவர்கள் வாங்கினார்கள். 1923க்குள் கோதுமை ஒரு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. கடன் மட்டும் வாங்கிய தொகையிலேயே நின்றது. நாடாளுமன்றம் சலுகைமேல் சலுகை அறிவித்து, 1927இல் நிலங்களை மறுமதிப்பீடு செய்ய முன்வந்தபோது, பலர் பண்ணையைக் கைவிட்டுப் போயிருந்தார்கள். "வீரர் நாடு திரும்பி நிம்மதியாக உழுது வாழ்ந்தார்" என்று குடும்பக் கதைகளில் வரும் ஒற்றை வரிக்குள் இந்தக் கணக்கு பெரும்பாலும் மறைந்துபோகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இத்திட்டத்துக்கென்று எடுக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி, முதற்குடி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டிருந்த நிலமாகும். அதே படையில் அந்த மக்களின் பிள்ளைகளும் போரிட்டிருந்தார்கள்; கடன் கேட்டு வந்தபோது அவர்களுக்குப் பெரும்பாலும் கதவு திறக்கவில்லை.

கேள்வி: அந்தச் சஸ்காச்சுவான் சமவெளியில் ஒரு விவசாயியின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருந்தது? பனியில் கோதுமை எப்படி விளைகிறது?
– வாசகி, ஈசூன்

பதில்: பனியில் விளைவதில்லை, ஒரு பனிக்கும் மறு பனிக்கும் இடையே விளைகிறது. உறைபனி விழாத நாள்கள் பல இடங்களில் நூறைச் சுற்றியே இருக்கும். மே மாதத்தில் விதைத்தது செப்டம்பருக்குள் வீட்டுக்கு வராவிட்டால், ஓர் இரவு உறைபனி முழு ஆண்டின் உழைப்பையும் பாழாக்கிவிடும். ரெட் ஃபைஃப் என்ற பழைய கோதுமை முற்றுவதற்கு அதிக நாள் எடுத்தது. அதனோடு இந்தியாவிலிருந்து சென்ற ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற ரகத்தைக் கலந்து உருவானதுதான் மார்க்விஸ் கோதுமை. ஒட்டாவாவின் மத்தியச் சோதனைப் பண்ணையில் சார்லஸ் சாண்டர்ஸ் என்ற அறிவியலாளர் அதைத் தேர்ந்தெடுத்தார். மாவு நயத்தைக் கண்டறிய அவர் மணிகளை வாயில் போட்டு மென்று பார்ப்பாராம். ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகவே அது முற்றியது. முதல் உலகப் போர் வீரர்கள் விதைத்ததில் பெரும்பங்கு இதுதான்.

மரமில்லாத நிலத்துக்கு வந்த முதல் குடியேறிகள், புல்வேரோடு பாளம் பாளமாக வெட்டிய மண்ணை அடுக்கி வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் ஒழுகும். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்கும் 30 பாகை கீழே இறங்குவது அங்கே செய்தியே அன்று.

1930களில் வந்த வறட்சியைப் பற்றித் தனி நூலே எழுதலாம். உழுது உழுது பொடியாக்கிய மேல்மண் காற்றில் பறந்தது. மிஞ்சிய பயிரை வெட்டுக்கிளி தின்றது. 1932இல் கோதுமை விலை புஷெலுக்கு 35 காசு அளவுக்கு வீழ்ந்தது. ஒரு புஷெல் என்பது 27 கிலோ. பெட்ரோலுக்குக் காசில்லாதவர்கள் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டி ஓட்டினார்கள். அந்த வண்டிக்கு அன்றைய பிரதமர் பென்னட்டின் பெயரையே கேலியாக வைத்தார்கள்.

கேள்வி: பெண்களுக்கும் அந்த நிலம் கிடைத்ததா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: கைம்பெண் போன்ற குடும்பத் தலைவியருக்கு மட்டும் கிடைத்தது, திருமணமாகாத பெண்ணுக்குக் கிடையாது. ஆனால் தென்னாப்பிரிக்கப் போருக்குச் சென்றவர்களுக்கு 1908இல் அளிக்கப்பட்ட 320 ஏக்கர் உரிமைச் சீட்டைப் பிறருக்கு விற்க முடிந்தது. அதை விலை கொடுத்து வாங்கி நிலக்காரர் ஆன பெண்கள் இருந்தார்கள்.

கேள்வி: அந்தச் சமவெளி விவசாயிகள் நம் வட்டாரப் போரில் பங்கெடுத்தார்களா?
– வாசகர், செங்காங்

பதில்: ஹாங்காங்கில் பங்கெடுத்தார்கள். வின்னிபெக் கிரனேடியர்ஸ், ராயல் ரைஃபிள்ஸ் ஆகிய படைப்பிரிவுகளைக் கொண்ட 1,975 கனடியர்கள் 1941 நவம்பரில் அங்கே வந்திறங்கினர். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் ஹாங்காங் சரணடைந்தது. ஏழு வாரங்களில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. கிரனேடியர்ஸ் பிரிவின் சார்ஜன்ட் மேஜர் ஜான் ஆஸ்பர்ன், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிவிட்டு, சஸ்காச்சுவானில் சில காலம் உழுதவர். 1941 டிசம்பர் 19ஆம் நாள், தம் ஆள்களுக்கிடையே வந்து விழுந்த கையெறி குண்டின்மேல் தாமே பாய்ந்து உயிரிழந்தார்; பின்னர் அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. சிறைப்பட்டவர்கள் சத்துக் குறைவால் பட்ட பாட்டை, சாங்கிச் சிறை முகாமைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. பாதம் தீயாய் எரியும் நரம்பு நோயால், இரவெல்லாம் காலைக் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பிய பிறகும் அத்தகைய பாதிப்புகள் பலரை விடவில்லை; பகல் முழுவதும் நடந்து செய்யும் வேலைக்குத்தான் அவர்களில் விவசாயிகள் திரும்ப வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்காக வந்த 1942ஆம் ஆண்டின் முன்னாள் வீரர் நிலச் சட்டம், பழைய தவற்றிலிருந்து பாடம் கற்றது என்பது என் கருத்து. வட்டியை மூன்றரை விழுக்காடாகக் குறைத்தது. திருப்பிக் கட்டுவதற்கு 25 ஆண்டு கொடுத்தது. பத்தாண்டுகள் நிலைத்து நின்று நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குச் செலவில் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்தது. பயிர் பார்த்துப் பழகியவரா என்று விசாரித்த பிறகே முழுப் பண்ணைக்குக் கடன் கொடுத்தார்கள்.

கேள்வி: முதல் கேள்வியைக் கேட்ட புக்கிட் பாஞ்சாங் வாசகரே, அந்தத் தாத்தாவைப் பற்றிய பதிவுகளை எங்கே தேடலாம் என்றும் கேட்டிருந்தார்.

பதில்: முதல் உலகப் போரில் பணியாற்றிய கனடிய வீரர்களின் கோப்புகளைக் கனடிய நூலகமும் ஆவணக்காப்பகமும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரும் படை எண்ணும் போதும். தாத்தா பத்து டாலர் நிலமும் எடுத்திருந்தால், சஸ்காச்சுவான் மாகாண ஆவணக்காப்பகத்தில் அதற்கெனத் தனிக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு. எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை மாடு வைத்திருந்தார், வீட்டின் நீள அகலம் என்ன என்பதையெல்லாம் அவரே நிரப்பிய படிவமும், "ஆம், இவர் இங்கேதான் குடியிருக்கிறார்" என்று அக்கம்பக்கத்தார் இருவர் சத்தியம் செய்து கையெழுத்திட்ட தாளும் அதில் இருக்கும். தேடுவதற்கு நிலத்தின் அளவை எண் தெரிந்தால் வேலை எளிது. வீட்டு உரிமையாளரிடம் பழைய பட்டாவோ வரி ரசீதோ இருக்கிறதா என்று மகளை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.