ஓகியில அப்பா போனப்போ தம்பிக்கு 12 வயசு, இப்போ குடிக்கிறான், மூளை கெட்டுப் போச்சா?

தூத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. 2017 நவம்பர் 30 ஓகி புயல்ல ஆழ்கடலுக்குப் போயிருந்த அப்பா திரும்பல, உடலும் கிடைக்கல. அதுக்கப்புறம் அம்மா ஒரு வருஷத்துக்கு மேல பாயை விட்டே எழும்பலையாம். அப்போ 12 வயசா இருந்த தம்பிக்கு இப்ப 20, பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் போட்ல போறான், கரைக்கு வந்தா குடிதான். அப்பாவும் குடிச்சவரு. அதனால ஊர்ல "ரத்தத்துல உள்ளது, அப்பன் குடிச்சான் மவனும் குடிக்கான்"னு சொல்லுதாவளாம். அவன் மூளைல ஏதாவது கெட்டுப் போச்சா, நாங்க என்ன செய்யணும், 10 வயசு சின்னவனும் இப்படி ஆயிடுவானான்னு மூணு கேள்வி. கடைசில போற போக்குல ஒரு வரி: "காத்து கூடுதலா அடிக்க ராத்திரி அவன் உறங்கவே மாட்டான்."

தங்கச்சி, எனக்கு முக்கியமாப் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

கெட்டுப் போகல. பயம் வந்தா மூளை அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போடும், கார்ட்டிசால்ங்கிற டென்ஷன் ஹார்மோன் ஏறும், ஆபத்து போனதும் அந்த கார்ட்டிசாலே திரும்ப மூளைக்குப் போய் போதும் நிறுத்துன்னு சொல்லும். சின்ன வயசுல மாசக்கணக்கா பயமும் துக்கமும், அதுல தேத்த ஒரு பெரியவங்களும் இல்லைன்னா இந்த நிறுத்துற வேலை சரியா நடக்காமப் போகலாம், அமிக்டலான்னு பயத்தைக் கவனிக்கிற பகுதி சின்ன சத்தத்துக்கும் துள்ளும். கரையில கட்டின பிறகும் எஞ்சின் ஓடிட்டே இருக்கிற போட் மாதிரி. இதுல அவசரப்படாதே, யோசின்னு சொல்ற முன்மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளர்ந்துட்டுதான் இருக்கும், உங்க தம்பிக்கு இன்னும் முடியல.

இப்படிப்பட்ட ஒரு பையனுக்கு முதல் தடவை சரக்கு உள்ள போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கூட இருக்கிற பையன்களுக்கு அது ஜாலி, இவனுக்கு எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கிடைச்ச அமைதி, ஏன்னா ஆல்கஹால் மூளையை அடக்குற காபாங்கிற ரசாயனத்தோட வேலையைக் கூட்டும், அமிக்டலா கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். ஆனா சீக்கிரம் உறங்கினாலும் பாதி ராத்திரில முழிப்பு வரும், போதை இறங்கினதும் பதட்டம் முன்னைவிட கூடும், அதை அடக்க மறுபடி குடி. பயத்துக்குக் குடிச்சவன் கடைசில குடியால வந்த பயத்துக்குக் குடிப்பான்.

அமெரிக்காவுல சான் டியேகோல நடந்து 1998ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. அடி உதை, வீட்டுல குடிகாரர், மனநோய்னு சின்ன வயசுல நாலு வகை கஷ்டமாவது பட்டவங்களுக்கு, எதுவுமே படாதவங்களைவிட குடிநோய், மனச்சோர்வு மாதிரியான ஆபத்து 4ல இருந்து 12 மடங்குன்னு வந்துச்சு. பயப்படாதீங்க, இது கூட்டத்துக்கான கணக்கு, ஒரு ஆளோட ஜாதகம் இல்ல. "ரத்தத்துல உள்ளது"ங்கிறதுலயும் பாதி உண்மைதான், குடிநோய்ல பரம்பரையோட பங்கு சுமார் பாதி. மீதி பாதி வாழ்க்கை. 1991ல குரங்குகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, தாய் இல்லாம மத்த குட்டிங்களோட மட்டும் வளர்ந்த குரங்கு சாதாரண நாள்லயே கூடுதலா ஆல்கஹால் குடிச்சுது. சரி, ஆனா தாயோட வளர்ந்ததை தனியாப் பிரிச்சு விட்டப்போ அதுவும் ஏறக்குறைய அதே அளவு குடிச்சுது! அதாவது இப்ப இருக்கிற டென்ஷனும் சேர்ந்துதான் குடிக்க வைக்குது. வீட்டுல சத்தம் போடுறதும் ஊர்க்காரங்க முன்னால வச்சு அசிங்கப்படுத்துறதும் ஏன் பலிக்கிறதில்லைன்னு இதுல இருந்தே புரியும்.

இனி செய்ய வேண்டியது. போட்ல ஏறின முதல் ரெண்டு மூணு நாள் கை நடுங்குதா, வேர்த்து ஊத்துதா, வாந்தி வருதா, கூட போற ஆட்கள்ட்ட மெதுவா விசாரிங்க. கடல் மயக்கம்னு சொல்லிடுவாங்க, வருஷக்கணக்கா கடலுக்குப் போறவனுக்கு திடீர்னு என்ன கடல் மயக்கம்? அது குடி நிறுத்தினதால வர்ற தொந்தரவா இருக்கலாம். சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரும், அப்புறம் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் தெரியும், நடுக்கடல்ல அது உயிருக்கே ஆபத்து. அப்படி இருந்தா அடுத்த தங்கலுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்தே ஆகணும், "இன்னைல இருந்து தொடக்கூடாது"ன்னு சத்தியம் வாங்கி அனுப்பாதீங்க.

சாப்பாட்டுல தெரியாம கலந்து கொடுக்கிற மருந்து யாராவது சொன்னா வேண்டவே வேண்டாம். அதுல டைசல்ஃபிரம் இருக்கலாம், குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காமப் பண்ற மருந்து, அது உள்ள இருக்கிறது தெரியாம குடிச்சா வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் அப்படியே இறங்கும், ஆள் சாகவும் சாகலாம். டாக்டர் சொல்லி அவனுக்கும் தெரிஞ்சு எடுத்தா அது வேற விஷயம்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. அங்க போய் குடியை மட்டும் சொல்லாதீங்க, அப்பா விஷயத்தையும் அந்தக் காத்து அடிக்கிற ராத்திரியையும் சொல்லுங்க, ஏன்னா உள்ள இருக்கிற பயத்துக்கு தனியா சிகிச்சை உண்டு, அதை விட்டுட்டு குடியை மட்டும் நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்கிறது ரொம்ப சுலபம். வர மாட்டேன்னா 14416க்கு நீங்களே கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. பேச்சை அவன் குடிக்காத காலை நேரத்துல எடுங்க, "ஏன்லே குடிக்க"ன்னு ஆரம்பிக்காம "ராத்திரி உறக்கம் எப்படி இருக்கு"ன்னு கேட்டுப் பாருங்க.

சின்னவனுக்கு அப்பா போனப்போ 2 வயசு, அம்மாவும் பக்கத்துல இல்லாத மாதிரிதான், ஆனா நீங்க இருந்தீங்க. மாறாம கூட நிக்கிற ஒரு பெரிய ஆள் இருந்தா இந்தப் பாதிப்பு நல்லாவே குறையும்னு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வருது. அவனை அண்ணனைத் தேடி கடைப்பக்கம் அனுப்பாதீங்க, பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லாதீங்க. முதல் குடி எவ்வளவு தள்ளிப் போகுதோ அவ்வளவு நல்லது, 15 வயசுக்கு முன்னாடி தொடங்கினவங்கதான் பின்னாடி அதிகமா மாட்டிக்கிறாங்க. அம்மாவையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அந்த ஒரு வருஷத்துக்கு அவங்களுக்கு யாரும் சிகிச்சை கொடுத்த மாதிரி உங்க கடிதத்துல இல்ல.