10 கி.மீ. ஓட்டத்தை 52 நிமிடத்தில் முடிக்கும் நான் 40 நிமிடத்தை இலக்காக வைத்தால் ஊக்கம் கூடுமா, சோர்வுதான் மிஞ்சுமா?

40 நிமிடத்தையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நிமிடக் கணக்கில் சுமந்து திரியாமல் சுற்றுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். 400 மீட்டர் டிராக்கில் 10 கிலோமீட்டர் என்பது 25 சுற்றுகள். இன்று நீங்கள் ஒரு சுற்றை ஏறக்குறைய 125 விநாடியில் முடிக்கிறீர்கள். 40 நிமிடம் வேண்டுமானால் அது 96 விநாடியாக வேண்டும். பன்னிரண்டு நிமிடங்களைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தால் மலைப்புதான் வரும்; 96 விநாடியில் ஒரு சுற்றை ஓட முடிகிறதா என்பதையோ நாளைக் காலையே சோதித்துப் பார்த்துவிடலாம். கல்லூரி மாணவர்களுக்கு நடுத்தூர ஓட்டப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் நான் கண்டவரை, பெரிய இலக்கு ஒருவரை ஓட வைப்பதும் உட்கார வைப்பதும், அது அன்றாடப் பயிற்சியில் அளக்கத்தக்க ஒன்றாக இறங்கி வருகிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு களத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் அதை முடித்த முதல் மனிதரானார். ஊக்கப் பேச்சாளர்கள் இதைச் சொல்லும் விதம் எனக்கு உடன்பாடில்லை. மனித உடலால் இயலாது என்று உலகமே நம்பியிருந்ததாம்; ஒருவர் மட்டும் நம்ப மறுத்தாராம்; அவர் ஓடிக் காட்டியதும் ஊரே அந்த வேகத்தில் ஓடத் தொடங்கிவிட்டதாம். உண்மையில், ஸ்வீடனின் குந்தர் ஹேக் 1945-லேயே 4 நிமிடம் 1.4 விநாடிக்கு வந்துவிட்டார். பேனிஸ்டருக்குப் பின் அதே ஆண்டில் நான்கு நிமிடத்தை உடைத்தவர் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி ஒருவரே. அவரும் அதற்கு முன்பே பலமுறை அந்தக் கோட்டை நெருங்கி வந்திருந்தவர். ஆகவே அது தைரியமான இலக்குதான் என்றாலும், எட்டும் தொலைவு கணக்கில் தெரிந்த இலக்கு.

அதை நோக்கி அவர் எப்படிப் பயிற்சி செய்தார் என்பதுதான் நமக்கு உதவும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் நான்காவதாக வந்து, ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணியவர், பிறகு மைலைக் கையில் எடுத்தார். மருத்துவ மாணவராக இருந்ததால் மதிய இடைவேளைதான் பயிற்சி நேரம். ஒரு மைல் என்பது 440 கஜம் கொண்ட நான்கு சுற்றுகள். ஒவ்வொன்றும் சராசரியாக 60 விநாடிக்குள் வர வேண்டும். எனவே பத்து முறை 440 கஜம் ஓடுவார். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. குளிர்காலத்தில் 66 விநாடியாக இருந்த அந்தச் சுற்று மெல்ல மெல்ல 61-க்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் குறையாதபோது, நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டார். சில நாள் ஓடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது சுற்று 59-க்கு இறங்கியது. டைமிங் தேங்கி நிற்கும்போது பயிற்சியைக் கூட்டத் துடிக்கும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்வதுண்டு.

உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லாதம் ஆகியோரின் நீண்டகால ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. "உன்னால் முடிந்ததைச் செய்" என்பதைவிட, திட்டவட்டமான, கடினமான இலக்கே கூடுதல் செயல்திறனைத் தருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: அந்த இலக்கை ஏற்றுக்கொண்டவருக்கு அதில் பற்று இருக்க வேண்டும், அதை எட்டுவதற்கான திறன் இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவ்வப்போது தெரிய வேண்டும். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இந்த மூன்றாவதில்தான்.

என்னிடம் பயின்ற 800 மீட்டர் வீராங்கனை ஒருவர், மாநிலப் பதக்கம் என்பதைத் தம் இலக்காக நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் முகம் வாடிவிடும், ஏனெனில் பதக்கம் என்பது பக்கத்துப் பாதையில் ஓடுபவரையும் பொறுத்தது. அவருடைய முதல் சுற்று 64 விநாடி, இரண்டாவது 77. அந்தப் பதின்மூன்று விநாடி இடைவெளியை ஆறாகக் குறைப்பது என்று இலக்கை மாற்றி எழுதினோம். அதன் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து, எத்தனையாவது இடம் என்று கேட்பதை விட்டுவிட்டு, "சார், செகண்ட் லேப் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கினார். பதக்கக் கனவை அவர் கைவிடவில்லை. அது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

எட்டாத இலக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவைப் பாருங்கள். 2022-ல் ஸ்டாக்ஹோமில் 89.94 மீட்டர் எறிந்தபோது 90 மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர்தான் பாக்கி. அந்த எல்லையை அவர் தாண்டியது 2025 மே மாதம் தோஹாவில், 90.23 மீட்டருடன், அன்றைக்கும் முதலிடம் ஜெர்மனியின் ஜூலியன் வெபருக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் 2023 உலக சாம்பியன் பட்டத்தை அவர் வென்றது 88.17 மீட்டரில். போட்டியை வெல்வதும் எண்ணைத் தொடுவதும் தனித்தனி இலக்குகள் என்பதை அவர் குழப்பிக்கொள்ளவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு, இரண்டு நிமிட இடைவெளியில் எட்டு முறை 400 மீட்டரை 96 விநாடியில் ஓடிப் பாருங்கள். எட்டும் வந்துவிட்டால் உங்களிடம் வேகம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும் திறன்தான் போதவில்லை என்று பொருள்; அப்போது வாரத்தின் மெதுவான நீண்ட ஓட்டங்களைக் கூட்ட வேண்டும். நான்காவதிலேயே 105-க்குப் போய்விட்டால் 40 நிமிடம் நெடுநாள் இலக்காகவே இருக்கட்டும்; அடுத்த சில மாதங்களுக்கு 48 நிமிடம், அதாவது சுற்றுக்கு 115 விநாடி, போதும். குறித்த போட்டிக்குள் எட்ட முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இலக்கு எண்ணை உடனே மாற்ற வேண்டியதில்லை. கீழ்க்காலின் முன் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறதென்றால் மட்டும், அட்டவணை என்ன சொன்னாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இலக்கை எட்டும் ஆர்வத்தில் வாரத் தூரத்தை அவசரமாகக் கூட்டுபவர்களுக்கு அங்கே எலும்பில் விரிசல் விழுவதுண்டு.