குடும்பக் கதைகள்: எந்தப் புத்தகத்தை யார் படிக்கலாம்?

"குடும்ப நாவல்" என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் யாருடைய கண் வழியாகக் கதை வருகிறது என்பதைப் பார்த்தே நான் புத்தகம் சொல்வேன். ஒரே வீடு அப்பாவுக்கு ஒன்றாகவும், வாழாமல் திரும்பி வந்த மகளுக்கு வேறொன்றாகவும் இருக்கிறது.

கேள்வி: திருமணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. மாமியார், ஓரகத்திகள் என்று பெரிய வீடு. மாமியார் கொடுமையைச் சொல்லி அழவைக்காத கதை ஏதாவது உண்டா அக்கா?

லா.ச. ராமாமிருதத்தின் 'பாற்கடல்' சிறுகதையைப் படியுங்கள். தலைதீபாவளிக்குக் கணவன் ஊரில் இல்லை. அவனுக்குப் புதுப்பெண் எழுதும் கடிதமே கதை. பாற்கடலில் லட்சுமியும் பிறந்தாள், ஆலகாலமும் பிறந்தது, அமுதமும் பிறந்தது; குடும்பமும் அப்படித்தான் என்கிறாள் அவள். மாமியாரை அரக்கியாகவும் தெய்வமாகவும் ஆக்காமல், அந்த வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு மனுஷியாகக் காட்டும் கதை.

கேள்வி: நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறோம். "சொந்த ரத்தம் இல்லையே" என்ற பேச்சைக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. ஹென்றிக்குத் தன்னைப் பெற்றவர்கள் யாரென்று தெரியாது. தன்னை வளர்த்த பப்பாவின் பூர்வீக வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரம் வருகிறான். சாதி, மதம், உறவு என்று எந்தக் கணக்கிலும் அவன் அடங்குவதில்லை. அவர்தான் என் அப்பா என்பதில் மட்டும் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த அப்பாவின் தம்பி துரைக்கண்ணு அவனை அண்ணன் மகனாகவே ஏற்றுச் சொத்தில் பாதியைத் தர முன்வருகிறார். அவனோ அந்தப் பாழடைந்த வீடு மட்டும் போதும் என்கிறான். பிள்ளை வளர்ந்த பிறகு அவன் கையிலும் கொடுங்கள்.

கேள்வி: பிள்ளை இல்லாத தம்பதியைப் பற்றி?

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010). இதைச் சுற்றி எழுந்த எதிர்ப்பும், நாவலைத் தடைசெய்ய மறுத்து 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பலருக்குத் தெரியும். கதையின் தம்பதி காளியும் பொன்னாவும் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் ஆசை அவ்வளவு தெரியாது. அவர்களை உடைப்பது குழந்தையின்மை அல்ல, ஊரின் வாய். 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' இரண்டும் அதன் தொடர்ச்சிகள்: ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றொன்றில் பிழைத்துக்கொள்கிறான். உங்கள் மனம் இப்போது கனத்திருந்தால் அவற்றைப் பிறகு படிக்கலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளிடம் 'அம்மா வந்தாள்' நாவலைக் கொடுக்கலாமா? அம்மா என்ற உறவையே கொச்சைப்படுத்துவதாக உறவினர் ஒருவர் சொன்னார்.

தாராளமாகக் கொடுங்கள். 1966இல் வெளிவந்ததிலிருந்து இந்தக் குற்றச்சாட்டு அந்த நாவலைத் தொடர்கிறது. தி. ஜானகிராமன் அலங்காரத்தம்மாளுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை, அவளைக் கூண்டில் ஏற்றவும் இல்லை. அவளுக்குக் கணவனைத் தவிர சிவசுவுடன் உறவு இருக்கிறது. அந்தப் பாவத்தைக் கழுவ மகன் அப்புவைக் காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள். தன் தவறுக்குப் பிள்ளையின் வாழ்க்கையைப் பிராயச்சித்தமாகக் கட்டிவைக்கிறாள் என்பதே எனக்கு அந்த நாவலின் மிகக் கடுமையான இடம். கணவர் தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அதே வீட்டில் அவர் வாழ்கிற மௌனத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் முழுதாக உணர்ந்தேன். பாடசாலையில் அப்புவை விரும்பும் இளம் விதவை இந்து, ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவள். உங்கள் மகள் அவளோடுதான் அதிகம் பேசுவாள் என்று நினைக்கிறேன். முடிந்தால் நீங்களும் கூடவே படியுங்கள். அலங்காரத்தைப் பற்றி இருவரும் ஒரே கருத்துக்கு வரவேண்டிய அவசியமில்லை.

கேள்வி: தங்கை புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அண்ணனாக என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். குமரி மாவட்டத்து இரணியல் என்ற ஊரின் செட்டியார் குடும்பம். பெண்தன்மையே இல்லாதவள் என்று பழிசுமத்தி நாகம்மையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவளுக்கு வேறு வாழ்க்கை அமைத்துத் தர ஊரை எதிர்த்து நிற்கிறவன் தம்பி திரவி. வட்டார வழக்கு முதலில் சற்றுத் தடுக்கும். உண்ணாமலை ஆச்சியின் குரல் பிடிபட்டுவிட்டால் பிறகு நிற்காது. முடிவு துயரமானது, முன்பே சொல்லிவிடுகிறேன். தங்கையின் கையில் இப்போது கொடுக்காதீர்கள், நீங்கள் படியுங்கள்.

கேள்வி: மகள் காதல் திருமணம் செய்துகொண்டாள். ஆண்டுக்கணக்கில் நான் பேசவில்லை. என் மனைவி ஏதாவது படிக்கச் சொல்கிறாள்.

ஐயா, இமையத்தின் 'செல்லாத பணம்' படியுங்கள். 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். கதையின் பெரும்பகுதி, தீக்காயங்களோடு ரேவதி கிடக்கும் மருத்துவமனைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியது. அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது. மகளைக் காப்பாற்ற அது உதவவில்லை. படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், முதலில் மகளுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

கேள்வி: என் பிள்ளை தன்னைத் திருநங்கை என்று சொல்கிறாள். வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

அவளை "என் பிள்ளை" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், நெஞ்சு நிறைந்தது. திருநங்கையின் வாழ்க்கையை நாவலாக்கியதில் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' முக்கியமான முன்முயற்சி. ஆனால் முதலில் திருநங்கைகளே எழுதியவற்றைப் படியுங்கள்: லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி'. அண்ணன்மாரிடம் அடிபட்டு வெளியேறிய ரேவதி, மறுபடி மறுபடி அந்த வீட்டுக்கே திரும்பி வருகிறார். அந்தப் பக்கங்களை உங்கள் வீட்டு ஆண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மனைவி படுக்கையில் இருக்கிறாள். நீண்ட நாவல் படிக்க நேரமில்லை. சிறியதாக ஒன்று?

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. நோயாளி மனைவியைத் தனியாகக் கவனித்துக்கொள்ளும் பிரமநாயகம் பிள்ளையின் கதை. ஒரே இரவில் படித்துவிடலாம். அவள் இறப்பதில் முடிகிறது என்பதால், தெம்பு இருக்கும் நாளில் படியுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றினால் மேலே சொன்ன 'பாற்கடல்' கதையை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.