ஓய்வுக்குப் பிறகு மனைவியுடன் காரவான் எடுத்துக்கொண்டு முர்ரே ஆற்றோரம் மீன்பிடிக்கப் போக நினைக்கிறேன். எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இதுதான்: மெல்பர்னில் இருக்கிறார், வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, முதல் முறையாகக் காரவான், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டி, வாங்கப்போகிறார். ஆற்றின் மேல்பகுதியிலுள்ள ஹியூம் அணையில் தொடங்கி, அது கடலில் சேரும் கூல்வா முகத்துவாரம் வரை ஒரே மாதத்தில் முடித்துவிட எண்ணம். ஓட்டுவதும் அவர், மீன் பிடிப்பதும் அவர். "மனைவிக்கு மீன்பிடிப்பில் ஆர்வமில்லை, அவருக்குச் சலிக்குமா?" என்று கடைசியில் ஒரு வரி.

நான் அந்த மனைவியின் இடத்தில் இருப்பவள். அதனால் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்தத் திட்டப்படி போனால் கட்டாயம் சலிக்கும். முர்ரே 2,500 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆறு. சாலை அதைவிடக் குறைவுதான். ஆனாலும் ஒரு மாதத்தில் முடிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காரவானின் பக்கவாட்டில் விரிக்கும் கூடாரத் துணியைச் சுருட்டி, கட்டி, கொக்கி மாட்டிக் கிளம்பியாக வேண்டும். அந்த அம்மாவுக்குப் பாதி நாள் பக்கத்து இருக்கையில் போகும், மீதி நாள் சமையலில் போகும். வீட்டில் பார்த்த வேலையையே இன்னும் சின்ன அடுப்படியில் பார்க்க எதற்கு இவ்வளவு தூரம்?

இரண்டே மாற்றம் செய்யுங்கள். ஆற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரை இரண்டாக்குங்கள்.

முதலில் ஆறு. நாங்கள் திரும்பத் திரும்பப் போவது யாரவொங்காவிலிருந்து கோப்ரம், டோக்கும்வால் வழியாக பார்மா காடு, எச்சூக்கா வரையிலான பகுதி. மெல்பர்னிலிருந்து யாரவொங்கா மூன்றரை மணி நேரம். காரவான் இழுத்துக்கொண்டு போனால் நான்கு என்று வையுங்கள். யாரவொங்காவிலிருந்து கோப்ரம் சாலையில் நாற்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஆறு அந்த இடைவெளியில் வளைந்து நெளிந்து போவதால் வளைவுக்கு ஒரு மணல் கரை இருக்கிறது. ஒரு மாதம் முழுக்க இந்தப் பகுதியிலேயே இருந்தாலும் தீராது. ஒரு வளைவில் ஒரு வாரம் இருந்தால்தான் மீன் எந்த மரத்தடியில் நிற்கிறது, பறவை எப்போது தண்ணீருக்கு இறங்குகிறது என்பதெல்லாம் பிடிபடும்.

எப்போது போவது என்பதை ஆறுதான் முடிவு செய்யும். முர்ரேயில் கோடையில் தண்ணீர் குறையும் என்று நம் ஊர் ஆற்றை வைத்து நினைத்துவிடுவோம். இங்கே தலைகீழ். பயிருக்காக ஹியூம் அணையைத் திறந்துவிடுவது கோடையில்தான், அதனால் டிசம்பர், ஜனவரியில் ஆறு கரை தொட்டு ஓடும். அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் என்பதால் மேல்பகுதியில் குளிர்ச்சியாகவும் இருக்கும். பாசனத் தேவை குறையக் குறைய, மார்ச்சிலிருந்து மே நடுவரைக்கும், மட்டம் இறங்கிக்கொண்டே வந்து மணல் வெளியே தெரியும். பகலில் இதமான வெயில், இரவில் போர்வைக் குளிர், ஈ குறைவு. எங்களுக்குப் பிடித்த காலம் அதுதான். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரம் படகு, பாட்டு, பிள்ளைகள் என்று கரையே திருவிழாவாக இருக்கும்.

அடுத்தது ஓட்டுவது. இதைத்தான் மனதார வற்புறுத்திச் சொல்கிறேன். அறுபதுக்கு மேல் இரண்டு பேர் காட்டுக்குள் போகிறீர்கள். ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ, கால் பிசகினாலோ, கண்ணில் தூண்டில் முள் பட்டாலோ, இன்னொருவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆற்றோரக் காட்டில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அதனால் காரவான் வாங்கிய கையோடு இருவருமே இழுவைப் பயிற்சி வகுப்புக்குப் போனோம். இன்றைக்கு எங்கள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவது பெரும்பாலும் நான்தான்.

பின்னால் எடுப்பதற்கு அங்கே சொல்லிக் கொடுத்த ஒரு வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். காரவானின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சமாக நகர்த்தி, கண்ணாடியில் பார்த்து, மறுபடி கொஞ்சம். வெளியே நிற்பவர் ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். "வாங்க வாங்க, ரைட்டுல ஒடிங்க" என்று கத்துவதற்குப் பதில் நாங்கள் கையசைவுகளைப் பேசி வைத்துக்கொண்டோம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும். வேறு எந்தப் பேச்சும் இல்லை. முகாம்களில் தம்பதிகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

எடையைப் பற்றியும் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். விற்பவர் சொல்லும் வெற்று எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர், கேஸ், துணி, மீன்பிடிச் சாமான், அரிசி எல்லாம் ஏற்றியபின் என்ன எடை என்பதுதான் முக்கியம். எண்பது லிட்டர் தொட்டி இரண்டு இருந்தால் தண்ணீர் மட்டுமே 160 கிலோ. ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றி எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். காரின் கொக்கியில் இறங்கும் பாரம் காரவானின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது பொதுவாக நல்லது. கனமான சாமான்கள் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்கட்டும். அரிசி மூட்டையையும் பருப்பு டப்பாக்களையும் கடைசி அலமாரியில் அடைத்தால் வால் ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, காருக்குள் இருக்கும் பொத்தானைக் கையால் அழுத்திக் காரவானின் மின் பிரேக்கை மட்டும் போட வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று உங்கள் மனைவி கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்ட வேண்டும்.

காட்டில் இடம் பிடிப்பதில் ஒரே ஒரு கண்டிப்பு. ரெட் கம் என்கிற யூகலிப்டஸ் மரத்தின் கிளைக்குக் கீழே காரவானை நிறுத்தவே கூடாது. முர்ரே கரையின் அழகே அந்த மரங்கள்தான். பார்மா பகுதியில் இருப்பதுதான் உலகிலேயே பெரிய ரெட் கம் காடு. ஆனால் காற்றே இல்லாத நல்ல வெயில் நாளில்கூட ஆள் பருமனுள்ள கிளை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறிந்து விழும். ஒருநாள் மதியம் எங்களுக்கு எதிர்க்கரையில் அப்படி விழுந்ததைப் பார்த்தேன். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்க்கும்போது கிளை தரையில் கிடந்தது, இலைகள் மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. அதற்கடியில் யாருமில்லை. நிழல் வேண்டுமென்றால் கூடாரத் துணியை விரித்துக்கொள்ளலாம்.

சரி, மீனுக்கு வருவோம். விக்டோரியாக் கரையில் நின்று தூண்டில் போட்டாலும் முர்ரேயின் தண்ணீர் நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். மாநில எல்லை தெற்குக் கரையின் உச்சியில் ஓடுகிறது. ஆகவே அந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமம் வேண்டும், இணையத்தில் வாங்கலாம். ஓய்வூதியர் சலுகை அட்டை வைத்திருந்தால் அங்கே உரிமம் தேவையில்லை. விக்டோரியாவின் சீனியர்ஸ் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது விக்டோரியா ஆறுகளுக்குத்தான். போவதற்கு முன் அந்த வருட விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாறும்.

எல்லோரும் கனவு காண்பது முர்ரே காட் மீனைத்தான். செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை அது முட்டையிடும் காலம், பிடிக்கத் தடை. மற்ற மாதங்களிலும் 55 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருந்தால் மட்டுமே எடுக்கலாம். சின்னது பெரும்பாலும் இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. பெரிய தாய் மீன் மற்றவற்றைவிட ஏராளமாக முட்டையிடும். அதனால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு மாலை என் கணவர் தூண்டிலில் அப்படிப் பெரியது ஒன்று மாட்டியது. ஆற்றில் சாய்ந்து கிடந்த கட்டைக்கு அடியிலிருந்து வந்தது. காட் மீனுக்கு வீடே அந்த மூழ்கிய மரங்கள்தான். நான் அளவுப் பாயை நனைத்து விரித்தேன். ஈரக் கையால் வயிற்றுக்கடியில் தாங்கித்தான் தூக்க வேண்டும், தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டால் முதுகெலும்புக்குக் கெடுதல். பாசிப்பச்சை உடம்பில் மஞ்சள் கலந்த வலைப்பின்னல், வயிறு பால் நிறம், வாய்க்குள் என் இரண்டு கைமுட்டியும் போகும். மூக்கிலிருந்து வால் நுனி வரை 75 கோட்டைத் தாண்டி நின்றது. முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பித் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது, அப்புறம் வாலை ஒரு சொடுக்கு சொடுக்கிவிட்டுப் போய்விட்டது. காட் மீன்கள் நாற்பது வயதைத் தாண்டியும் வாழும்.

சாப்பாட்டுக்கு நாங்கள் நம்புவது கோல்டன் பெர்ச்சை. இங்கே எல்லோரும் யெல்லோபெல்லி என்பார்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் எடுக்கலாம். மண்புழு, இறால் இரண்டுக்கும் வரும். தோலை உரித்து, வயிற்றோரம் இருக்கும் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டால் சேற்று வாடை போய்விடும். புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, வெந்தயம் தாளித்துக் குழம்பு வைத்தால் மறுநாள் காலை இட்லிக்கும் சரியாக இருக்கும். குழம்பும் வறுவலும் கூடாரத் துணிக்குக் கீழே, வெளி அடுப்பில்தான். உள்ளே பொரித்தால் மெத்தை வரைக்கும் மீன் மணக்கும்.

கார்ப் என்கிற ஐரோப்பியக் கெண்டை நிறைய மாட்டும். 1960களுக்குப் பிறகு இந்த ஆற்றில் பெருகி அடிமண்ணைக் கிளறித் தண்ணீரையே கலக்கிவிட்ட மீன். மாட்டினால் திரும்ப ஆற்றில் விடாதீர்கள், வதைக்காமல் உடனே கொன்றுவிடுங்கள். கரையில் போட்டுவிட்டுப் போகாமல் புதைத்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். காலையில் காபித் தம்ளரோடு பைனாகுலரை எடுத்துக்கொண்டு கரையோரம் நடப்பேன். பார்மா காட்டில் சூப்பர்ப் கிளி கூடு கட்டுகிறது. பச்சை உடம்பு, ஆணுக்கு மஞ்சள் முகம், கழுத்தில் சிவப்புப் பட்டை. அது கூட்டமாகப் பறந்து போவதைப் பார்த்த நாளில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. எச்சூக்காவில் 1866-இல் கட்டிய அடிலெய்ட் என்ற நீராவிப் படகு இன்னமும் ஓடுகிறது. அந்த மரத் துறைமுகத்தில் அரை நாள் உட்கார்ந்திருக்கலாம். இது யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்களின் மண், இன்றும் பார்மா தேசியப் பூங்காவின் நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களைப் பற்றி வாசித்துவிட்டுப் போனால் அந்தக் காடு வேறு மாதிரி தெரியும்.

வயதானவர்களுக்கு இன்னும் சில. இந்த ஆற்றோரக் கொசு வெறும் தொல்லை மட்டுமல்ல, 2022-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தப் பக்கம் பரவியது. தடுப்பூசி தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், சாயங்காலம் முழுக்கைச் சட்டை போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்கு செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசர பீக்கன் ஒன்று இருவருக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். தீ மூட்டுவதற்கு முன் அன்றைக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். விக்டோரியாக் காடுகளில் முப்பது சென்டிமீட்டர் பள்ளம் தோண்டி, சுற்றிலும் மூன்று மீட்டர் சுத்தமாக்க வேண்டும். அணைக்கத் தண்ணீர்தான், மண்ணைப் போட்டு மூடினால் அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

பிற்பாடு தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் போகத் தோன்றினால், மில்டூராவைத் தாண்டி யாம்பா சோதனைச் சாவடியில் பழ ஈ கட்டுப்பாடு இருக்கிறது. பழம், தக்காளி, பச்சை மிளகாய் எதையும் கொண்டுபோக முடியாது. முந்தின நாளே சமைத்துத் தீர்த்துவிட்டு, எல்லை தாண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

காரவானை உடனே வாங்க வேண்டாம். ஏப்ரலில், ஈஸ்டர் கூட்டம் கலைந்தபின், ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். மின் இணைப்பு, குளியலறை உள்ள முகாமில் இரண்டு இரவு, பிறகு கோப்ரம் பக்கம் ஏதாவது ஒரு மணல் கரையில் மீதி நாள். அதற்கு முன்னால் இழுவைப் பயிற்சி வகுப்பில் இடம் பதிவு செய்யுங்கள், இரண்டு பேர் பெயரிலும்.