டைட்டானியமா, ஸ்டீலா: அன்றாடக் கைக்கடிகாரம் பற்றிய கேள்வி பதில்

பதில் அளிப்பவர், கோவையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தொழில் செய்யும் நம் குழு உறுப்பினர்.

கேள்வி (திருப்பூர், சாயப்பட்டறை மேற்பார்வையாளர்): வணக்கம் அண்ணா. என் ஸ்டீல் வாட்ச் செயினின் உட்புறம் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிட்டது, மணிக்கட்டிலும் அரிப்பு இருக்கிறது. டைட்டானியத்துக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: உங்கள் தொழிலுக்கு மாறுவது நல்லது. கைக்கடிகாரங்களில் பெரும்பாலும் பயன்படும் 316எல் ஸ்டீலில் 16 முதல் 18 சதவீதம் குரோமியமும், 10 முதல் 14 சதவீதம் நிக்கலும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் இருக்கின்றன. குரோமியம் மேலே உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலந்தான் ஸ்டீலைக் காக்கிறது. வேர்வை உப்பிலும் ப்ளீச்சிங் கரைசலிலும் உள்ள குளோரைடு, செயின் கண்ணிகளுக்கு இடையே காற்றுப் புகாத இடுக்குகளில் தேங்கி நின்று, அந்தப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. டைட்டானியத்தின் படலம் இதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை.

அரிப்பு வேறு கதை. நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், கண்ணிகளில் தங்கிய சோப்பும் அழுக்குமாகவும் இருக்கலாம். தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. நல்ல 316எல் பொதுவாக அதற்குள் அடங்கிவிடும் என்பதால், முலாம் பூசிய மலிவான பித்தளைக் கொக்கிகளையே நான் முதலில் சந்தேகிப்பேன். கலப்பற்ற கிரேடு 2, கலப்பு உலோகமான கிரேடு 5 என்ற டைட்டானிய வகைகள் இரண்டிலும் நிக்கல் சேர்ப்பதில்லை. ஆனால் வாங்கும்போது கொக்கியும் டைட்டானியந்தானா என்று கேளுங்கள். செயினை வாட்ச்சோடு இணைக்கும் சிறு கம்பியான ஸ்பிரிங் பார் அநேகமாக ஸ்டீலாகவே இருக்கும், முதலில் துருப்பிடிப்பதும் அதுவே. சர்வீஸுக்குக் கொடுக்கும்போதெல்லாம் அதை மாற்றச் சொல்லுங்கள். அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பெருந்துறை, கல்லூரி மாணவர்): டைட்டானியத்தில் கீறலே விழாது என்கிறார்களே?

பதில்: விழும், தம்பி. கலப்பற்ற கிரேடு 2 டைட்டானியத்தின் கடினம் 316எல் ஸ்டீலை ஒட்டியதுதான். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கிரேடு 5 மட்டும் கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 350ஐத் தொடுகிறது. சிமெண்டுச் சுவரிலும் தெருப் புழுதியிலும் இருக்கும் மணல் துகள் 1000ஐத் தாண்டியது. அதற்கு முன்னால் இரண்டும் தோற்கும். மேற்பரப்பைக் கடினமாக்கிய டைட்டானியம் வேறு ரகம், ஆனால் அந்தப் படலம் போய்விட்டால் நம் ஊரில் யாராலும் அதைத் திரும்ப ஏற்ற முடியாது. ஸ்டீலோ பஃப் போட்டு மெருகேற்றினால் பழையபடி பளிச்சிடும்.

கேள்வி (கோவை கணபதி, லேத் பட்டறை உரிமையாளர்): மன்னிக்க வேண்டும், இதை ஏற்க முடியாது. ஒருமுறை டைட்டானியம் கடைந்தபோது டூல் முனை நொடியில் கருகிவிட்டது. மென்மையான உலோகம் அப்படிச் செய்யுமா?

பதில்: செய்யும். கடைவதற்குக் கடினம் என்பதும் கீறுவதற்குக் கடினம் என்பதும் ஒன்றல்ல. நீங்கள் அன்றாடம் கடையும் ஈ.என். 8 ஸ்டீல் கம்பி வெப்பத்தைக் கடத்துவதில் ஏழில் ஒரு பங்குதான் கிரேடு 5 டைட்டானியம் கடத்துகிறது. சீவலோடு வெளியேற வேண்டிய சூடு முழுவதும் டூல் முனையிலேயே குவிகிறது. அந்தச் சூட்டில் டைட்டானியம் டூலோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. விறைப்பும் ஸ்டீலில் பாதியை ஒட்டியதுதான் என்பதால் டூலுக்கு விலகிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து உரசுகிறது. இவை எதுவும் பேருந்துக் கம்பியில் வாட்ச் உரசும்போது உதவிக்கு வராது.

கேள்வி (பீளமேடு, வார்ப்படத் தொழிலாளர்): வாதம் எதற்கு? கிரைண்டரில் வைத்துப் பாருங்கள், கண் கூசும் வெள்ளைப் பொறி பறந்தால் டைட்டானியம்.

பதில்: சோதனை சரியானதே, ஆனால் அதன்பின் கட்டிக்கொள்ள வாட்ச் இருக்காது. டைட்டானியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் இருவரும் நினைவில் வையுங்கள். உலர்ந்த மணலைப் போட்டு மூடுங்கள், அது உங்களிடம் நிறையவே இருக்கும்.

கேள்வி (ஈரோடு, மஞ்சள் மண்டி): மஞ்சள் கறை ஒட்டுமா?

பதில்: இரண்டு உலோகத்திலும் சோப்புத் தண்ணீரில் போய்விடும். தோல் பட்டையில் போகாது.

கேள்வி (சிங்காநல்லூர், மோட்டார் காயில் கட்டுபவர்): டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் வாட்ச் நிற்காமல் ஓடுமா?

பதில்: ஒட்டாது, ஆனால் தடுக்கவும் தடுக்காது, காந்தப்புலம் அதை ஊடுருவி உள்ளே போய்விடும், 316எல் ஸ்டீலிலும் அப்படித்தான். முள் வைத்த குவார்ட்ஸ் காந்தத்தின் அருகே நின்றுவிடும், விலக்கினால் ஓடும். சாவி கொடுக்கும் வாட்ச்சும் ஆட்டோமேட்டிக்கும் பெரும்பாலும் வேகமாக ஓடத் தொடங்கும், உள்ளே ஏறிய காந்தத்தை இறக்கிய பிறகே சரியாகும். உங்களுக்கு வேண்டியது எந்திரத்தைச் சுற்றி தேனிரும்பு உறை உள்ள வாட்ச். முள் இல்லாத டிஜிட்டல் இன்னும் மலிவு.

கேள்வி (நாமக்கல், லாரி ஓட்டுநர்): எதில் கீறல் விழாது?

பதில்: பெருந்துறைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தாராபுரம்): டைட்டன் வாட்ச் எல்லாம் டைட்டானியந்தானே?

பதில்: இல்லை. அது ஓசூரில் ஆலை உள்ள நிறுவனத்தின் பெயர். அவர்களிடம் ஸ்டீல், பித்தளை, டைட்டானியம் எல்லாம் உண்டு. பின்மூடியில் பொறித்திருப்பதைப் பாருங்கள்.

கேள்வி (கோபி): அப்பாவுக்கு எழுபது வயதாகிறது, கை மெலிந்துவிட்டது. ஸ்டீல் வாட்ச் பாரமாக இருக்கிறது என்கிறார்.

பதில்: டைட்டானியத்துக்கு விலை கூடுதலாகக் கொடுப்பது இங்கேதான் நியாயம். அதன் அடர்த்தி 4.5, ஸ்டீலின் அடர்த்தி 8. உள்ளே இருக்கும் எந்திரமும் கண்ணாடியும் எடை குறையாது என்றாலும், உறையும் செயினும் பாதியளவை நெருங்கிவிடும். மார்கழிக் காலையில் கட்டும்போது கிரேடு 5 ஸ்டீலைப் போலச் சில்லென்று இருக்காது என்பதும் முதியவர்களுக்கு ஒரு சுகம். செயினில் ஸ்பிரிங் பாரைப் பார்த்து வாங்குங்கள். எத்தனை முறை சொன்னாலும் யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி (கரூர்): எது தண்ணீர் புகாமல் காக்கும்?

பதில்: உலோகம் அல்ல, ரப்பர் வளையம். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் கை கழுவலாம், பவானி ஆற்றில் குதிக்கக் கூடாது. பேட்டரி மாற்றும்போது வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (உடுமலை): இரண்டில் எது கீறல்...

பதில்: மூன்றாவது முறை. மேலே.

கேள்வி (சேலம்): ஸ்மார்ட் வாட்ச்சில் டைட்டானியம் எப்படி?

பதில்: உறையைவிட பேட்டரியின் ஆயுள் முந்தி முடிந்துவிடும் பொருளைப் பற்றி வேறு உறுப்பினரிடம் கேளுங்கள்.

கேள்வி (கணபதி, அதே லேத் உரிமையாளர்): சரி, ஒப்புக்கொள்கிறேன். என் பட்டறைக்கு எதை வாங்குவது?

பதில்: பட்டறைக்குள் எதையும் கட்டாதீர்கள். வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் செயின் மாட்டினால் கை போய்விடும், ஸ்டீல் செயினுக்கும் டைட்டானியச் செயினுக்கும் அதில் வேறுபாடு இல்லை. வெளியே கட்டுவதற்கு ஸ்டீலே வாங்குங்கள். பஃப் வீல் உங்களிடமே இருக்கிறது.